பேச்சிலர் பார்ட்டிக்குத் தனிப் படகு எடுத்து மீன்பிடிக்கப் போவது எப்படி?

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நண்பர்கள் எல்லாரும் கடலுக்குப் போய் மீன்பிடிக்கலாம் என்ற யோசனையைச் சொல்பவர், அநேகமாகத் தூண்டில் பைத்தியமாகத்தான் இருப்பார். சொன்னவர் தலையிலேயே ஏற்பாட்டுப் பொறுப்பும் விழும். அவரும் ஆசையோடு தனக்குப் பிடித்த மாதிரி ஆழ்கடல், முழுநாள், பெரிய மீன் என்று படகைப் பதிவு செய்துவிடுவார். குழுவில் மற்றவர்கள் தூண்டிலைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஒருவர் படகின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார், இருவர் வெயிலில் சுருண்டு கிடப்பார்கள், மாப்பிள்ளை “எப்போது கரைக்குப் போவோம்?” என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான்: குழுவில் கடலுக்கு மிகவும் புதியவர் யாரோ, அவரை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். மீன்பிடிக்கத் தெரிந்தவர் எந்தப் படகிலும் மகிழ்ச்சியாக இருந்துகொள்வார். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் கேளுங்கள், ஆட்களை எண்ணுங்கள்

பேச்சிலர் பார்ட்டி என்றால் எல்லாவற்றையும் ரகசியமாகச் செய்யவேண்டும் என்று சிலருக்கு ஓர் ஆசை. கடல் விஷயத்தில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாலே தலைசுற்றும் ஆளைச் சொல்லாமல் கொள்ளாமல் படகில் ஏற்றுவது விளையாட்டே இல்லை. “படகில் நாலு மணி நேரம் இருப்பாயா?” என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வேறு ரகசியங்கள் வைத்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

மற்றவர்களிடமும் சில கேள்விகள் கேட்கவேண்டும். பயணத்தில் குமட்டல் வருமா, நீச்சல் தெரியுமா, முதுகுவலி, வலிப்பு, இதயக் கோளாறு, மீன் ஒவ்வாமை ஏதாவது உண்டா? நீச்சல் தெரியாதவர் வரக்கூடாது என்றில்லை. அவர் படகில் இருக்கும் நேரம் முழுவதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும். முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவருக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. வேகமாகப் போகும் படகு அலையில் குதிக்கும்போது முதுகெலும்பில் விழும் அடி சாதாரணமானதல்ல.

ஆள் கணக்கு ஏன் முதலிலேயே வேண்டும் என்றால், வாடகைப் படகுகளுக்குச் சட்டப்படி ஒரு பயணி வரம்பு இருக்கும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படையின் ஆய்வுச் சான்று பெறாத சிறிய சார்ட்டர் (வாடகை) படகுகள் கட்டணம் கொடுக்கும் பயணிகளை 6 பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. அதனால் அங்கே அந்தப் படகுகளுக்கே ‘சிக்ஸ் பேக்’ என்று பெயர். வேறு இடங்களில் எண் மாறலாம். எந்த எண்ணாக இருந்தாலும், ஏழாவது ஆளை “கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறோம்” என்று துறையில் வந்து நிறுத்தினால் நல்ல கேப்டன் ஏற்றமாட்டார். ஏற்றுகிறவர் நல்ல கேப்டன் இல்லை.

எட்டுப் பத்துப் பேர் என்றால் பெரிய படகு ஒன்று தேடலாம், அல்லது இரண்டு சிறிய படகு எடுக்கலாம். என் ஓட்டு இரண்டு படகுக்கு. இரண்டு அணியாகப் பிரிந்து யார் அதிகம் பிடிக்கிறார்கள் என்று ரேடியோவில் வம்பு இழுத்துக்கொண்டு போவதில் பார்ட்டிக்குத் தனிக் களை வந்துவிடும். ஒரே நிபந்தனை, இரண்டு கேப்டன்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக, ஒரே பகுதியில் மீன்பிடிப்பவர்களாக இருக்கட்டும்.

தேதியைப் பொறுத்தவரை, கல்யாணத்துக்கு முந்தைய நாளும் வேண்டாம், அதற்கு முந்தைய நாளும் வேண்டாம். வெயிலில் தோல் வெந்தால் சிவப்பு உச்சத்துக்கு வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். மணமேடைப் படங்களில் மாப்பிள்ளையின் கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தால் மணப்பெண் உங்களை ஆயுளுக்கும் மன்னிக்கமாட்டார். இன்னொன்று, காற்று கிளம்பினால் பயணம் தள்ளிப்போகும். தள்ளிவைக்க ஒரு நாளாவது கையில் இருக்கவேண்டும். இரண்டு மூன்று வாரம் முன்னதாக வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

எந்த வகை மீன்பிடிப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

படகை விட, கேப்டனை விட, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. இதை மட்டும் அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள்.

விளம்பரங்களில் பார்க்கிற படம் பெரும்பாலும் ட்ரோலிங் முறையில் எடுத்தது. படகு நிற்காமல் 6 முதல் 9 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நாலைந்து தூண்டில்கள் நீரின் மேல்மட்டத்தில் இழுபடும். மயில்மீன், சூரை, வஞ்சிரம் போன்ற வேகமான மீன்கள் துரத்தி வந்து கவ்வும். கவ்வியதும் நூல் சுற்றியிருக்கும் ரீல் அலறும், எல்லாரும் குதிப்பார்கள், ஒருவர் ஓடிப்போய் ராடை, அதாவது தூண்டில் கம்பைப் பிடிப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அலறலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதை விளம்பரம் சொல்லாது. இரண்டு மணி நேரம் ஒன்றுமே கவ்வாமல் போகலாம். கவ்வினாலும் அந்த மீனோடு போராடுவது ஒரே ஒருவர், மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். தூண்டில்களை விடுவது, நீளம் பார்ப்பது, பாசி சுற்றினால் எடுப்பது எல்லாம் டெக்ஹேண்ட் (கேப்டனுக்கு உதவியாகப் படகில் வேலை செய்பவர்) செய்துவிடுவார். ஆக, பயணிகளுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

அடுத்தது, கடலடிப் பாறைகளுக்கும் மூழ்கிய கப்பல்களுக்கும் மேலே படகை நிறுத்தி, ஈயக் குண்டு கட்டிய தூண்டிலைத் தரை வரைக்கும் இறக்குவது. சங்கரா, களவா, பாறை போன்ற மீன்கள் வரும். பெரும்பாலும் சின்ன, நடுத்தர மீன்கள்தான். ஆனால் ஆளுக்கு ஒரு தூண்டில் கையில் இருக்கும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் மும்முரமாக இருப்பார்கள். இரை காணாமல்போனது, நூல் சிக்கியது, பக்கத்து ஆள் என் மீனைத் திருடிவிட்டான் என்று ஒரே கூச்சலாக இருக்கும். பேச்சிலர் பார்ட்டிக்கு வேண்டியது அந்தக் கூச்சல்தான். புதியவர் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். ஒரே குறை, நின்றிருக்கும் படகு ஓடும் படகைவிட அதிகமாக ஆடும். குமட்டல் வருபவர்களுக்கு இதுதான் சோதனை நேரம்.

மூன்றாவது வழி, கழிமுகம், காயல், விரிகுடா மாதிரி அலை அடங்கிய நீரில் மீன்பிடிப்பது. கரை கண்ணுக்குத் தெரியும், குமட்டல் அநேகமாக வராது, மீனும் கிடைக்கும். ஆனால் இதற்கென இருக்கும் படகுகள் சிறியவை. மூன்று நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், பலவற்றில் கழிப்பறையும் நிழலும் இருக்காது. சிறிய குழுவுக்கும், கடலைக் கண்டால் கொஞ்சம் மிரளுகிற மாப்பிள்ளைக்கும் இதுவே சரி.

அப்படியானால் என்ன செய்வது? புதியவர்கள் அதிகம் இருந்தால் கரைக்கு அருகில் கடலடித் தூண்டில். அனுபவமும் பொறுமையும் உள்ள நாலு பேர் மட்டும் என்றால் ட்ரோலிங். நிறைய கேப்டன்கள் இரண்டையும் கலந்து செய்வார்கள். போகும்போதும் வரும்போதும் இரண்டு தூண்டில்களை இழுத்துக்கொண்டே போய், நடுவில் ஒரு பாறைத் திட்டின் மேல் நிறுத்துவார்கள். “எங்களில் பாதிப் பேர் புதியவர்கள், பெரிய மீனைவிட எல்லார் கையிலும் மீன் வரவேண்டும்” என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் கேப்டன் தன் மனதில் வேறு இடத்தைத் தேர்ந்தெடுப்பார்.

நேரம் எவ்வளவு? நாலு மணி நேர அரைநாள் பயணம் என்றால் துறையை விட்டுக் கிளம்பி, திரும்பித் துறைக்கு வரும் வரைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மீன்பிடிக்கும் இடம் 15 கடல் மைல் தொலைவில் இருந்து, படகு 20 நாட் வேகத்தில் போனால், போக முக்கால் மணி, வர முக்கால் மணி. மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். ஆகவே “மொத்தம் எத்தனை மணி?” என்று கேட்பதைவிட “தூண்டில் தண்ணீரில் எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேளுங்கள். பெரும்பாலான பேச்சிலர் குழுக்களுக்கு அரைநாளோ, ஆறு மணி நேரமோ போதும். எட்டு மணி நேரம் என்பது மீன்பிடிப்பதற்காகவே உயிர் வாழ்பவர்களுக்கு.

கிளம்பும் நேரம் காலையாகவே இருக்கட்டும். நிலம் சூடாகச் சூடாக மதியத்துக்குமேல் கடற்காற்று வலுக்கும், அதோடு அலையும் ஏறும். அதிகாலையில் எழ மாட்டோம் என்று நண்பர்கள் அடம்பிடிப்பார்கள். அசைந்து கொடுக்காதீர்கள். மதியத்துக்குள் கரை சேர்ந்து, குளித்து, தூங்கி எழுந்தால் மாலைக் கொண்டாட்டத்துக்குத் தெம்பாக இருக்கும்.

படகையும் கேப்டனையும் தேடும்போது

‘தனிச் சார்ட்டர்’ என்றால் படகு முழுவதும் உங்களுக்கு. ‘பகிர்வு’ என்றால் முன்பின் தெரியாதவர்களும் ஏறுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று விலை போட்டிருந்தால் பெரும்பாலும் பகிர்வுதான். உறுதி செய்துகொள்ளுங்கள். கூச்சல் போடும் உங்கள் குழுவோடு மாட்டிக்கொள்ளக்கூடிய யாரோ ஒரு பாவப்பட்ட தம்பதிக்காகவாவது தனிப் படகு எடுங்கள்.

இணையத்தில் இருக்கும் விமர்சனங்களில் மீன் படங்களைத் தாண்டி, “முதல்முறை போனோம், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்” மாதிரி வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு தொலைபேசியில் பேசுங்கள். குறுஞ்செய்தி போதாது, ஐந்து நிமிடம் பேசினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பேச்சிலர் பார்ட்டி என்பதை மறைக்காதீர்கள். சில கேப்டன்கள் அந்த மாதிரிக் குழுக்களை ஏற்றுவதே இல்லை. அதைத் துறையில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதைவிடத் தொலைபேசியிலேயே தெரிந்துகொள்வது மேல்.

கேட்கவேண்டியவை: கேப்டனுக்கு உரிமம் இருக்கிறதா, படகுக்கும் பயணிகளுக்கும் காப்பீடு உண்டா, அனைவருக்கும் பொருந்தும் அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா? (உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கு 16ஆம் சேனல்.) கரையிலிருந்து வெகுதூரம் போவதென்றால், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசரக் கருவியும் இருக்கவேண்டும். மீன்பிடி உரிமம் ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டுமா, படகின் உரிமமே போதுமா? கழிப்பறை உண்டா? நிழல் எவ்வளவு பேருக்கு? கடைசி இரண்டும் அற்பமாகத் தோன்றும். ஆறாவது மணி நேரத்தில் தோன்றாது.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகு கிடைத்தால், நிற்கும்போது பக்கவாட்டு ஆட்டம் குறைவு, நிற்க இடமும் அதிகம். குழுவுக்கு நல்ல தேர்வு.

பணம்

விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை அநேகமாக முழுத் தொகை இல்லை. எரிபொருள், இரை, ஐஸ், உரிமம், மீன் வெட்டித் தரும் கூலி, வரி ஆகியவற்றில் எது உள்ளடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டெக்ஹேண்டுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. வட அமெரிக்காவில் படகு வாடகையில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம். மற்ற இடங்களில் வழக்கம் என்ன என்று பதிவு செய்யும்போதே விசாரித்துவிடலாம். இரை மாட்டுவதும், சிக்கெடுப்பதும், வாந்தியைக் கழுவுவதும் அந்த ஆள்தான். கணக்கில் அவரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், ரொக்கமாக.

மொத்தத் தொகையை மாப்பிள்ளையைத் தவிர்த்து மற்றவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். முன்பணம் கட்டும் முன்பே எல்லாரிடமும் பங்கை வாங்கிவிடுங்கள். “அப்புறம் தருகிறேன்” என்பவர் வராமல் போனால் படகு வாடகை குறையாது, மற்றவர்கள் தலையில்தான் ஏறும். இதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ரத்து விதிகளில் இரண்டு வேறு நிலைமைகள் உண்டு. நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் சொல்லவேண்டும், எவ்வளவு போகும் என்பது ஒன்று. வானிலை காரணமாகக் கேப்டன் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தானா என்பது இன்னொன்று. வெளியூரிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள் என்றால் வேறு தேதி கொடுத்துப் பிரயோஜனமில்லை. பணம் திரும்பத் தருபவராகப் பாருங்கள்.

குமட்டலைப் பற்றி விரிவாக

நிறைய பேர் இதைத் தைரியப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். உள்காது “ஆடுகிறோம்” என்கிறது, அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் “ஆடவில்லை” என்கிறது, இந்த முரண்பாட்டில் மூளை குழம்புவதுதான் குமட்டல். வலிமையான ஆளுக்கும் வரும், பழகிய மாலுமிக்கும் சில நாள் வரும்.

மருந்து வேலை செய்யவேண்டுமென்றால் குமட்டல் வருவதற்கு முன்பே உடலில் இருக்கவேண்டும். டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் வகை மாத்திரைகளைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போடவேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்டவேண்டும். அதற்கு மருத்துவர் சீட்டு தேவைப்படலாம், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. இவை எல்லாமே தூக்கத்தைக் கொண்டுவரக் கூடியவை, மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். படகில் வாந்தி வந்தபிறகு மாத்திரையைத் தேடுவதில் பயனில்லை, அதுவும் வெளியே வந்துவிடும்.

முந்தைய இரவு தூக்கம், காலையில் எண்ணெய் இல்லாத லேசான உணவு, இரண்டும் மாத்திரை அளவுக்கு முக்கியம். வெறும் வயிறும் உதவாது. படகில் நடுப்பகுதியில், பின்பக்கம் நோக்கி, தாழ்வான இடத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையில் அதிகம். டீசல் புகை வராத பக்கமாக நின்று அடிவானத்தைப் பார்க்கவேண்டும். செல்போனைக் குனிந்து பார்த்தால் போச்சு. கேபினுக்குள் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், பெரும்பாலும் இன்னும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு படுக்கலாம், காற்றோட்டமான இடத்தில்.

வாந்தி வந்தால் காற்று போகும் பக்கத்து ஓரத்தில், ஒருவர் பிடித்துக்கொள்ள எடுக்கட்டும். கழிப்பறைக்குள் போகவேண்டாம். சின்ன இடம், நாற்றம், ஆட்டம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேலி செய்யலாம், அளவாக. தாங்கமுடியாத நிலைமை வந்தால் திரும்பிவிடுவோம் என்பதைக் கிளம்பும் முன்பே எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படகில் வாக்கெடுப்பு நடக்கும், சோர்ந்து கிடப்பவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

மது

பேச்சிலர் பார்ட்டியில் மதுவே வேண்டாம் என்று உபதேசம் செய்ய வரவில்லை. நேரத்தை மாற்றுங்கள் என்கிறேன். முந்தைய இரவு கொண்டாடிவிட்டு அதிகாலை படகு ஏறுவதுதான் இந்தப் பயணங்கள் கெடுவதற்கு வழக்கமான காரணம். உடலில் நீர் குறைந்து, உள்காது ஏற்கெனவே தடுமாறி நிற்கிறது. அதன்மேல் வெயில், அலை, இரை மீனின் வாடை. பயணம் காலையில், கொண்டாட்டம் மாலையில் என்று வரிசையை வைத்துக்கொண்டால் இரண்டும் பிழைக்கும்.

படகில் குடிக்கலாமா என்பதை அந்த இடத்தின் சட்டமும் கேப்டனும் முடிவு செய்வார்கள். அனுமதித்தால் கேன்கள் மட்டும், கண்ணாடி பாட்டில் வேண்டாம். வெறுங்காலோடு நடக்கும் ஈரத் தளத்தில் உடைந்த கண்ணாடி கிடப்பதை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கூரான முட்களும் கத்தியும் இருக்கின்றன. யாராவது மிஞ்சிப் போனால் பயணத்தை முடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பும் உரிமை கேப்டனுக்கு உண்டு. அப்போது பணம் திரும்ப வராது.

வானிலையைப் படிப்பது

பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பிருந்து கடல் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். நிலத்துக்கான முன்னறிவிப்பு போதாது. மழையைவிடக் காற்றுதான் முக்கியம். காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 4ஆம் நிலை என்பது 11 முதல் 16 நாட் காற்று, சுமார் 1 மீட்டர் அலை, ஆங்காங்கே வெள்ளை நுரை. புதியவர்களுக்கு அதுவே அதிகம். 5ஆம் நிலையில் 17 முதல் 21 நாட், அலை 2 மீட்டரை நெருங்கும். அன்று வீட்டில் இருங்கள்.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, இரண்டு அலைகளுக்கு இடையிலான விநாடிகளையும் பாருங்கள். 1 மீட்டர் அலை 10 விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு ஊஞ்சல் மாதிரி மெல்ல ஏறி இறங்கும். அதே அலை 4 விநாடிக்கு ஒன்றாக வந்தால் எலும்பெல்லாம் கழன்றுவிடும்.

போகலாமா வேண்டாமா என்பதில் கேப்டன் சொல்வதே முடிவு. “வேண்டாம்” என்று சொல்லும் கேப்டன் தன் அன்றைய வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் சொல்கிறார். அவரிடம் பேரம் பேசாதீர்கள். மாற்றுத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

என்ன எடுத்துப்போவது

தூண்டில், ரீல், இரை எல்லாம் படகில் இருக்கும். உங்கள் பங்குக்குத் தண்ணீர் (நினைப்பதைவிட அதிகமாக), கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய உணவு, முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, எஸ்பிஎஃப் 50 வெயில் தடுப்புக் களிம்பு, ஒரு மெல்லிய மழைக்கோட்டு. போலரைஸ்டு கண்ணாடி போட்டால் நீரின் பளபளப்பு மறைந்து உள்ளே ஓடும் மீன் தெரியும். களிம்பைக் கரையிலேயே பூசிக்கொண்டு கை கழுவிவிடுங்கள். ஸ்ப்ரே வகை தளத்தில் படிந்து வழுக்கும். கறுப்பு அடி செருப்பு வெள்ளைத் தளத்தில் கறை போடும் என்பதால் பல கேப்டன்கள் கழற்றச் சொல்வார்கள்.

பலூனும் காகிதத் தூள்களும் வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து கடலில் விழுந்தால் ஆமைகள் உணவென்று விழுங்கும். ஒரே மாதிரி சட்டை அச்சடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே அலங்காரம்.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ட்டர் படகுக்காரர்களில் பலர் வாழைப்பழம் படகில் ஏறினால் மீன் வராது என்று உறுதியாக நம்புகிறார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. இருந்தாலும் அன்று மீன் வராவிட்டால் பழி உங்கள் பையில் இருக்கும் பழத்தின் மேல்தான் விழும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

படகில் ஏறியபின்

கேப்டன் பாதுகாப்பு விஷயங்களைச் சொல்லும்போது அந்த ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் எங்கே, யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரும். விழுந்தால் ஒருவர் மட்டும் கண்ணை எடுக்காமல் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அலைக்கு நடுவே ஒரு தலை கண்ணிலிருந்து மறைய சில விநாடி போதும்.

ட்ரோலிங் என்றால் முறை வைத்துக்கொள்ளச் சீட்டுக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் மீனுக்கே கைகலப்பாகும். முதல் முறை மாப்பிள்ளைக்கு. பந்தயம் வைப்பதானால் பெரிய மீனுக்கு மட்டும் வைக்காமல் முதல் மீன், மிகச் சிறிய மீன், விசித்திரமான மீன் என்று பலவற்றுக்கு வையுங்கள். பெரிய மீன் அதிர்ஷ்டம், சிறிய மீன் எல்லாருக்கும் வரும்.

மீன் மாட்டியதும் புதியவர்கள் செய்வது, ராடைத் தலைக்குமேல் தூக்கி வெறிகொண்டு ரீலைச் சுற்றுவது. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றக்கூடாது. ஓடவிடுங்கள். அது நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, இறக்கும்போது சுற்றுங்கள். நூல் தளர்ந்தால் மீன் போய்விடும். ராடைச் செங்குத்தாக நிமிர்த்தினால் ஒடிந்துவிடக்கூடும். ரீலில் இருக்கும் இறுக்கத் திருகை டெக்ஹேண்ட் சொல்லாமல் தொடாதீர்கள். மீன் படகருகே வந்ததும் நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. பெரிய மீன் ஒரு முறை துள்ளினால் விரல் போகும். மீனை மேலே ஏற்றுவது அவர் வேலை, நீங்கள் விலகி நின்று படம் எடுங்கள்.

குறைந்தபட்ச நீளம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்தக் காலத்தில் எந்த மீனைத் தொடக்கூடாது என்று இடத்துக்கு இடம் விதிகள் உண்டு. கேப்டன் “விட்டுவிடு” என்றால் விட்டுவிடவேண்டியதுதான். வட்டமாக வளைந்த தூண்டில் முள் பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும் என்பதால் விடுவிக்கப்படும் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஈரக் கையால் பிடித்து, படம் எடுத்ததும் சட்டென்று நீரில் விடுங்கள்.

பிடித்த மீன் யாருக்கு?

இதைப் பதிவு செய்யும்போதே கேட்டிருக்கவேண்டும். சில இடங்களில் மீன் முழுவதும் பயணிகளுக்கு, சில இடங்களில் ஒரு பங்கு மட்டும் உங்களுக்கு, மீதியைப் படகுக்காரர் விற்றுக்கொள்வார். தெரியாமல் போனால் துறையில் நின்று சண்டை போட நேரும்.

சூரை, வஞ்சிரம் வகை மீன்கள் பிடித்தவுடன் ஐஸுக்குள் போகவேண்டும். வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகி, சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. படம் எடுக்க வரிசையாகத் தளத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கழிக்காதீர்கள். வெப்பக் கடல்களின் பவளப் பாறைப் பகுதியில் பிடித்த பெரிய சீலா, பெரிய களவா மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு இருக்கக்கூடும். அதுவும் சூட்டிலோ குளிரிலோ அழியாது, பார்த்தும் மோந்தும் கண்டுபிடிக்க முடியாது. எதைச் சாப்பிடலாம் என்று கேப்டனிடம் கேளுங்கள், அவர் வீட்டுக்கு எடுத்துப்போகாத மீனை நீங்களும் எடுக்காதீர்கள்.

மீனைத் துறையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து பைகளில் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். விடுதியில் தங்குபவர்களுக்கும் விமானம் ஏறுபவர்களுக்கும் மீன் ஒரு சுமைதான். அன்றிரவே சமைத்துச் சாப்பிடும் அளவு எடுத்துக்கொண்டு, மீதியை உள்ளூரில் வீடு உள்ள நண்பரிடமோ டெக்ஹேண்டிடமோ கொடுத்துவிடுங்கள். அன்பளிப்பு ரொக்கம் யாருடைய பையில் இருக்கிறது என்பதைப் படகிலிருந்து இறங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கழிப்பறையைத் தேடி ஓடிவிடுவார்கள்.